வேலூர்ப் பக்கம் குரூப் ஆர்டர் எடுக்கும் ஆர்மி அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின் அக்காக்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று இந்தப் பக்கத்து ஆர்மிகளுக்கு, அதாவது பிடிஎஸ் என்ற ஏழு பேர் கொண்ட கொரியப் பாட்டுக் குழுவின் ரசிகர்களுக்கு, கொரியாவிலிருந்து ஆல்பமும் அதற்குள் வரும் உறுப்பினர் படம் போட்ட போட்டோகார்டும் மொத்தமாக வரவழைத்துப் பிரித்துத் தருகிறவர்கள் நீங்கள். உங்களிடம் ஆர்டர் போடுகிறவர்களும், பெட்டி வந்ததும் எடை போட்டுப் பார்சல் கட்ட உதவுகிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த ஆர்டருக்குப் பணம் வாங்கும் முன்பே கணக்கு முறையை அறிவியுங்கள். பணம் வாங்கிய பிறகு அந்தக் கணக்கை ஆர்டர் போட்ட எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். தெருவில் சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம்கூட யார் எப்போது எவ்வளவு கட்டினார் என்று ஒரு நோட்டு இருக்கும். பல குரூப் ஆர்டர்களில் அந்த நோட்டு அட்மினின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ஏமாற்ற வேண்டும் என்று கிளம்பியவர்கள் மிகக் குறைவு என்றே நாங்கள் நம்புகிறோம். எடையும் சுங்க வரியும் தெரியாமல், முடியாத ஒன்றை வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

முதலில் அந்த வாக்கைப் பற்றிப் பேசிவிடுவோம். "ஏழு ஆல்பம் வாங்குகிறோம், ஏழு பேர் சேருங்கள், அவரவர் பயஸின் கார்டு அவரவருக்கு" என்று அறிவிப்பு வருகிறது. பயஸ் என்றால் ஏழு பேரில் அவரவருக்கு மிகவும் பிடித்த ஒருவர். ஒரு ஆல்பத்துக்குள் ஏழு பேரில் யாராவது ஒருவருடைய கார்டு, அதுவும் சம வாய்ப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆல்பத்தைப் பிரித்தால் ஏழு பேரும் ஆளுக்கொரு தடவை வருவதற்கான வாய்ப்பு 0.6 சதவீதம். ஆயிரம் முறை ஏழேழாகப் பிரித்தால் ஆறு முறைதான் முழு செட் அமையும். மற்ற நேரமெல்லாம் ஜின் இரண்டு வந்திருப்பார், ஜிமின் வந்திருக்கவே மாட்டார். ஒருவர் கடையில் ஒவ்வொன்றாக வாங்கியே ஏழையும் சேர்ப்பதென்றால் சராசரியாக 18 ஆல்பம் ஆகும். ஆகவே ஏழு ஆல்பத்துக்கு ஏழு பயஸ் என்பது யாராலும் காப்பாற்ற முடியாத வாக்கு. கார்டு கிடைக்காத பிள்ளை உங்களைத்தான் திருடி என்பாள். நீங்கள் திருடவில்லை, கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அந்த இரண்டும் ஒன்றுதான்.

இதற்கு நேர்மையான வழிகள் இருக்கின்றன. கொரிய விற்பனையாளர் ஏற்கெனவே பிரித்து ஏழாகச் சேர்த்து வைத்திருக்கும் கார்டு செட்டை வாங்கலாம். விலை கூடும், ஆனால் எல்லாருக்கும் உறுதி. அப்படி வாங்கும்போது பலரும் கேட்கிற உறுப்பினருக்குக் கூடுதல் விலையும் மற்றவருக்குக் குறைந்த விலையும் வைப்பது வழக்கம். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏழு விலையையும் கூட்டினால் செட்டின் விலை வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் மிச்சம் உங்கள் கூலி. அதைக் கூலி என்றே சொல்லுங்கள்.

செட் வேண்டாம், சீல் பிரிக்காத ஆல்பம்தான் என்றால், "யாருக்கு எது வரும் என்று தெரியாது" என்பதை அறிவிப்பின் முதல் வரியில் போடுங்கள். பெட்டி வந்ததும் ஒவ்வொரு ஆல்பத்தின் மேலும் 1, 2, 3 என்று சீட்டு ஒட்டுங்கள். எந்த எண் யாருக்கு என்பதைப் பிரிப்பதற்கு முன்பே குரூப்பில் போட்டுவிடுங்கள். அப்புறம் லைவில் பிரியுங்கள். கார்டு வெளியே வந்த பிறகு பெயர் ஒதுக்கினால், ஒதுக்கியவர் எவ்வளவு நியாயமாக நடந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். கார்டு மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் பிரித்து முடித்த பிறகு தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்; அதில் அட்மின் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது ஷிப்பிங். பெரும்பாலான மனக்கசப்பு, பொருளின் விலைக்குப் பிறகு ஷிப்பிங்குக்கும் வரிக்கும் வாங்கும் இரண்டாவது பேமென்டில்தான் வருகிறது. "மொத்த ஷிப்பிங் இவ்வளவு, இத்தனை பேர், ஆளுக்கு இவ்வளவு" என்று தலைக்குச் சமமாகப் பிரிப்பது சுலபம், ஆனால் அநியாயம். ஒரு பேச்சுக்கு, பெட்டியில் 800 கிராம் போட்டோபுக் ஆல்பம் பத்து இருக்கிறது. சிடி இல்லாமல் கியூஆரும் கார்டும் மட்டும் வருகிற, 100 கிராம் வெவர்ஸ் ஆல்பம் பத்து இருக்கிறது. ஷிப்பிங் 9,000 ரூபாய். தலைக்குப் பிரித்தால் ஆளுக்கு 450. எடைக்குப் பிரித்தால் போட்டோபுக்குக்கு 800, வெவர்ஸ் ஆல்பத்துக்கு 100. காசு குறைவு என்பதற்காகவே சின்ன ஆல்பத்தை எடுத்த பள்ளிக்கூடப் பிள்ளை, தலைக்குப் பிரிக்கும் முறையில் 350 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறாள். பெரிய ஆல்பம் வாங்கியவரின் ஷிப்பிங்கை அவள் சுமக்கிறாள். சமையலறைத் தராசு ஒன்று போதும்: ஒவ்வொரு வகையிலும் ஒன்றை வைத்து எடை போட்டு, தராசின் எண் தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள். அட்டை, பபுள் ரேப் இவற்றின் எடை அதே விகிதத்தில் தானாகப் பிரிந்துவிடும். தனிக் கணக்கு வேண்டாம்.

போஸ்டர் குழாய் தனிக் கதை. கூரியர் நிறுவனங்கள் நிஜ எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது சர்வதேச கூரியரில் பரவலான முறை. 60 சென்டிமீட்டர் நீளமும், 10 சென்டிமீட்டர் அகலமும், 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள குழாய் 6,000 கன சென்டிமீட்டர், அதாவது 1.2 கிலோ. உள்ளே இருக்கும் காகிதம் 200 கிராம்கூட இருக்காது. அதே குழாயில் இருபது போஸ்டரைச் சுருட்டி வைத்தாலும் கொள்ளளவு எடை மாறாது. எனவே போஸ்டர் வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் ஒரே குழாயில் சுருட்டி, அந்தச் செலவை அவர்களுக்குள் பிரியுங்கள். மடித்த போஸ்டர் வருகிற பதிப்பு இருந்தால் அதுவே மேல்.

சுங்க வரிக்கு எடைக் கணக்கு பொருந்தாது. வரி போடுவது பொருளின் விலையோடு ஷிப்பிங்கையும் காப்பீட்டையும் கூட்டி வரும் தொகைக்கு. ஆகையால் ஷிப்பிங்கை எடைப்படியும், வரியை அந்தக் கூட்டுத் தொகைப்படியும் பிரிக்க வேண்டும். இரண்டையும் ஒரே தொகையாகப் போட்டு "ஷிப்பிங் பிளஸ் கஸ்டம்ஸ்" என்று எழுதும்போது யாராலும் சரிபார்க்க முடிவதில்லை. வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது. போன ஆர்டரின் விகிதத்தை வைத்து இந்த ஆர்டருக்குத் தொகை சொல்லாதீர்கள். உத்தேசமாக வாங்குங்கள், ரசீது வந்ததும் அதைப் படம் எடுத்துப் போட்டு மிச்சத்தைத் திருப்புங்கள். பத்து ரூபாயாக இருந்தாலும் திருப்புங்கள்.

"கிஃப்ட் என்று எழுதச் சொல்லிவிட்டேன், வரி வராது" என்று சில குரூப்பில் இன்னும் சொல்கிறார்கள். பரிசாக வரும் பொருளுக்கு இருந்த வரிச் சலுகையை மத்திய அரசு 2019 டிசம்பரில் எடுத்துவிட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் அப்படித்தான். பிடிபட்டால் அபராதம். பிடிபடாமல் பெட்டி தொலைந்தாலோ, எழுதிய விலைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும். நாற்பது பேருடைய பணத்தை வைத்துக்கொண்டு இந்தச் சூதாட்டம் ஆட உங்களுக்கு உரிமை இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் பொருளுக்கு இறக்குமதியாளர் எண் தேவையில்லை. ஆனால் ஒரே பெயரில், ஒரே முகவரிக்கு நாற்பது ஆல்பம் வந்து இறங்கினால் அது சொந்த உபயோகம் என்று சுங்க அதிகாரி ஏற்கத்தான் வேண்டும் என்று இல்லை. பெட்டி நின்றுவிடும்; விளக்கம் கேட்பார்கள்; சேமிப்புக் கட்டணம் ஏறும். பெரிய ஆர்டர் தொடர்ந்து எடுப்பவர் என்றால் அந்த எண்ணை முறையாக வாங்கி வியாபாரமாகவே நடத்துங்கள். இல்லையென்றால் ஆர்டரைச் சின்னதாக வையுங்கள். சுங்கத்துக்குக் கொடுக்கும் கேஒய்சி (அடையாள) ஆவணத்தில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். கொரிய விற்பனையாளரிடம் இன்ஸ்டாகிராம் பெயரைக் கொடுத்துவிட்டு ஆதாரில் வேறு பெயர் வைத்திருந்தால் பெட்டி சென்னையைத் தாண்டாது.

பணம் வாங்கும் முறைக்கு வருவோம். ஜிபே ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் ஆகாது. பணம் கட்டியதுபோல் படம் காட்டும் போலி ஆப்கள் ஊரெல்லாம் உண்டு. உங்கள் வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததா என்று பாருங்கள். அந்தப் பரிமாற்றத்துக்கான 12 இலக்க யூடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே "கட்டியாச்சு" என்று எழுதுங்கள். ஆர்டருக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். சொந்தச் செலவும் ஆர்டர் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால், மாதக் கடைசியில் எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. கொரியாவுக்குக் கட்டும்போது பல வங்கி அட்டைகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும். இதை முதலிலேயே சேர்த்துச் சொல்லாமல், கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு புலம்பும் அட்மின்களைப் பார்க்கிறோம். உங்கள் உழைப்புக்கும் காசு கேளுங்கள். பொருளுக்கு 30 ரூபாயோ 50 ரூபாயோ அட்மின் கூலி என்று தனி வரியில் போட்டால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். செலாவணி விகிதத்தை ஏற்றிச் சொல்லி அதற்குள் ஒளித்து வைத்தால்தான் கோபம் வரும். கொரிய நாணயமான வோனின் அன்றைய விலையை எந்தப் பிள்ளையும் போனில் பார்த்துக்கொள்ளும்.

கணக்கு ஷீட்டை எல்லாரும் பார்க்கலாம், யாரும் திருத்த முடியாது என்ற அமைப்பில் வையுங்கள். ஆர்டர் எண், பொருள், எடை, முதல் பேமென்ட், இரண்டாம் பேமென்ட், உள்ளூர் அஞ்சல் செலவு, திருப்பிய தொகை, இவை போதும். பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி இவற்றை அந்த ஷீட்டில் போடவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். இந்தப் பக்கத்து ரசிகர்களில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரிப் பெண்கள். யாருடைய வீடு எங்கே, அவளுடைய நம்பர் என்ன என்பது குரூப்பில் இருக்கும் முகம் தெரியாத இருநூறு பேருக்கு ஒரு கிளிக்கில் கிடைக்கக்கூடாது. முகவரியைத் தனி ஃபார்மில் வாங்குங்கள். பார்சல் போய்ச் சேர்ந்ததும் அழித்துவிடுங்கள். அனுப்பிய பார்சலின் லேபிளைப் படம் எடுத்துப் போடும்போதும் முகவரியை மறையுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக்குத் தெரியாமல் போட்ட ஆர்டர் பாதி வழியில் எப்படி முறியும் என்று உங்களுக்கே தெரியும்: முதல் பேமென்ட் வந்துவிடும், இரண்டாவது வராது, அல்லது பார்சல் வாசலுக்கு வந்து, அப்பா வாங்க மறுத்து, திரும்பி வரும். அந்தப் பிள்ளையை மிரட்டி என்ன பயன்? பதினெட்டுக்குக் கீழ் என்றால் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு முறை போனில் பேசுங்கள். மொத்தம் எவ்வளவு ஆகும், எப்போது வரும், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று மூன்றையும் சொல்லுங்கள். பேச விடவில்லை என்றால் ஆர்டர் எடுக்காதீர்கள். மூன்றாயிரம் ரூபாய் ஆல்பத்துக்குக் கடன் வாங்கிய பிள்ளைகளை "உண்மையான ஆர்மி" என்று குரூப்பில் கொண்டாடுவதை நிறுத்துங்கள். பணம் குறைவாக இருப்பவர்களுக்கு வெவர்ஸ் ஆல்பத்தைச் சொல்லுங்கள். ஜே-ஹோப்பின் 2022 தனி ஆல்பமே முதலில் சிடி இல்லாமல் அந்த வடிவில்தான் வந்தது. அதைக் குறைச்சலாகப் பேச ஒன்றுமில்லை.

பெட்டி உங்கள் கைக்கு வந்ததும்: சீல் பிரிக்கும் முன் ஆறு பக்கமும் லேபிளும் தெரியும்படி வீடியோ எடுங்கள், நிறுத்தாமல், வெட்டாமல், கடைசிப் பொருள் வெளியே வரும்வரை ஒரே ஓட்டமாக எடுங்கள். நடுவில் ஒரு வெட்டு இருந்தாலும், பொருள் குறைகிறது, உடைந்திருக்கிறது என்ற புகாரை விற்பனையாளர் ஏற்க மாட்டார். வாங்குகிறவர்களிடமும் இதையே கேளுங்கள்.

உள்ளூருக்கு அனுப்பும்போது மூலை நசுங்குவதுதான் முதல் புகார். ஒற்றைப் பிளை அட்டை வேண்டாம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக்கு வருகிற ஐந்து பிளைப் பெட்டிகள் பழைய அட்டைக் கடையில் எடைக்குக் கிடைக்கும். அளவாக வெட்டினால் நாலு ஆல்பத்துக்கு ஒரு பெட்டி தேறும். ஆல்பத்தின் நாலு மூலைக்கும் அட்டையை மடித்துக் காப்பு வைத்து, அதன்மேல் இரண்டு சுற்று பபுள் ரேப். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. ஷூ பெட்டியில் இருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அப்படியே கார்டோடு வைக்காதீர்கள், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், புதிதாக வாங்குங்கள். கச்சேரியில் கையில் பிடிக்கும் விளக்கான (லைட்ஸ்டிக்) ஆர்மி பாமுக்கு மூன்று டிரிபிள் ஏ பேட்டரி வேண்டும். அதை உள்ளே போட்டு அனுப்பினால் வெயிலில் கசிந்து தகட்டை அரித்துவிடும். பேட்டரியை அவரவர் ஊரில் வாங்கிக்கொள்ளட்டும்.

பின்கோடு எழுதும்போது கவனம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் பழக்கத்தில் வேலூர் மாவட்டம் என்றே எழுதுகிறார்கள். அதைப் பார்த்து பின்கோடும் 632-இல்தான் தொடங்கும் என்று சிலர் தாங்களாகத் திருத்திவிடுகிறார்கள். ஆம்பூர் 635802, வாணியம்பாடி 635751. குடியாத்தம் 632602, ராணிப்பேட்டை 632401. மாவட்டப் பெயர் தவறினாலும் பார்சல் போய்விடும், பின்கோடு தவறினால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

போட்டோகார்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த ஊர் வெயில் கொரியாவில் இல்லை. கார்டு ஏறக்குறைய 5.5-க்கு 8.5 சென்டிமீட்டர். மெல்லிய பாலிபுரோப்பிலீன் ஸ்லீவில் போட்டு, அதற்குப் பிறகுதான் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும், கையில் ஒட்டுகிற மாதிரி வழவழப்பான பிவிசி ஆல்பத் தாள்தான் எதிரி. அதை வளையச் செய்யச் சேர்க்கும் ரசாயனம் சூட்டில் வெளியே கசிந்து கார்டின் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். கத்திரி வெயிலில், மேல்மாடி அறையில், வெயில் படும் சுவரை ஒட்டிய பீரோவில் ஒரு மே மாதம் இருந்தாலே போதும். பிரிக்கும்போது ஜங்குக்கின் கன்னத்து நிறம் தாளோடு உரிந்து வரும். வண்டி டிக்கியில் கார்டு வைத்துக்கொண்டு காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் அலையாதீர்கள். பார்சலை மதியம் கொடுக்காமல் காலையில் தபால் நிலையத்தில் சேர்த்தால் இன்னும் நல்லது.

உறுப்பினர்களின் பிறந்தநாளுக்கு ஆதரவற்றோர் இல்லங்களுக்காக நடத்தும் நன்கொடை வசூலுக்கும் இதே விதிதான். 2020 ஜூனில் பிடிஎஸ் கொடுத்த பத்து லட்சம் டாலருக்கு ஈடாக உலகமெங்கும் ரசிகர்கள் ஏறக்குறைய ஒரே நாளில் அதே தொகையைத் திரட்டினார்கள். அதை முன்னெடுத்த ரசிகர் குழு யார் கணக்கிலும் வாங்கி வைக்கவில்லை. பணம் தொண்டு அமைப்புகளுக்கே போகும்படி இணைப்பைக் கொடுத்தது. நீங்களும் இல்லத்தின் ரசீதுப் புத்தகத்துக்கு நேராகக் கட்டச் சொல்லுங்கள். பணமே தேவைப்படாத வழியும் வேலூரில் இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கூட வருவது ஓரிருவர்தான், ரத்தம் கொடுக்க இங்கே சொந்தக்காரர் இருக்க மாட்டார். செப்டம்பர் 12 ஆர்எம், அக்டோபர் 13 ஜிமின், டிசம்பர் 30 வி என்று பிறந்தநாளை வைத்துக் குழுவாகப் போகலாம். ரத்த வங்கிக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. ஒரு வருடத்துக்குள் டாட்டூ குத்தியவர்களைத் திருப்பிவிடுவார்கள். பெயர் கொடுத்த பெண்களில் பலர் ஹீமோகுளோபினில் நின்றுவிடுவார்கள், அதனால் எண்ணிக்கையை முன்னாலேயே போஸ்டரில் போடாதீர்கள். வெறும் வயிற்றோடு யாரையும் அழைத்துப் போகாதீர்கள்.

இப்போது பாதியில் நிற்கும் ஆர்டர்கள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று விஷயங்களைக் குரூப்பில் போடுங்கள்: விற்பனையாளருக்குக் கட்டிய ரசீது, பெட்டி இப்போது எங்கே என்பதற்கான டிராக்கிங், கையிருப்பில் உள்ள தொகை. சொல்ல ஒன்றும் இல்லாத வாரத்திலும் "இன்னும் கொரியாவில்தான், மாற்றமில்லை" என்று ஒரு வரி போடுங்கள். பணத்தைச் செலவழித்துவிட்டவர்கள் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். தவணையில் திருப்ப ஒப்புக்கொள்கிறவரோடு உட்கார்ந்து பேச நாங்கள் தயார். குரூப்பைக் கலைத்துவிட்டு, நம்பரை மாற்றிக்கொண்டு போகிறவர்கள் விஷயத்தில் 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் பதிவு செய்ய, பணம் இழந்த பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் கூட நிற்போம்.

அன்புடன்,
வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் குரூப் ஆர்டர் போடும் ஆர்மிகள்